போர்ட்

ஐப்பசிக் கடைசி நாள். மழை வந்து
அம்பகாமக் காட்டுப் பாதையை மூடிற்று.
சிவப்புத் தடிகள் நனைந்து நிற்க
பத்தே முக்காலுக்கு வேலையை நிறுத்தினோம்.
தறப்பாளின் கீழ் பதினொரு பெண்கள்,
முகக்கவசங்களை முழங்காலில் கவிழ்த்தபடி.

டோனல் ஜீப்பிலிருந்து இறங்கினான்
ஒரு கையில் பாண், மறு கையில் போத்தல்.
எங்களூரில் இன்றிரவு இதைத்தான் வெட்டுவோம் என்றான்.
செத்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவாம்.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
இங்கே அவர்கள் நாள் பார்த்து வருவதில்லை.

அயர்லாந்துப் பழப்பாண். கறுப்பு.
முந்திரிகை வற்றலை முதல்நாளே
சாயம் கூடிய தேத்தண்ணியில் ஊறப்போட்டு,
மாங்குளம் பேக்கரிக்காரரைக் கெஞ்சி
போறணைக்குள் இடம் வாங்கி,
ரோஸ் பாணுக்கும் பணிசுக்கும் நடுவில் வேகவைத்தானாம்.

போத்தலைக் காட்டி, இதன் பெயர் போர்ட் என்றான்.
சத்தியரூபி நிமிர்ந்தாள்:
"போரோ? அது முடிஞ்சுதெண்டெல்லோ சொன்னவை."
என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டான்.
மழையைப் பற்றி என்றேன்.

பிறகு விளக்கம் தொடங்கியது.
மெல்லிய வைன் இந்தப் பாணிடம் தோற்றுவிடும்.
புளிப்பு வைன் என்றால் பழம் கசக்கும்.
பாணைவிட ஒரு சொட்டாவது
கூட இனிக்க வேண்டும் வைன்.
நிலத்தைப் பற்றிச் சொல்லித்தரும்போதும் இப்படித்தான்:
விரல் மடித்து, அவசரமில்லாமல்,
ஒரு அங்குலம், அடுத்த அங்குலம்.

"தென்னங்கள்ளு" என்றாள் புனிதமலர்.
"காலமை பத்துக்குள்ள இறக்கினது.
மத்தியானம் தாண்டினா அது ரத்தவறைக்குத்தான்."
அவள் புருஷன் சீவல்காரன் இல்லை.
அவளே குடிப்பாள்.
அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

வெட்டும் முன் டோனல் சொன்னான்:
உள்ளே ஒரு மோதிரம் இருக்கிறது,
வந்தால் வருஷத்துக்குள் கலியாணம்.
ஒரு துணித்துண்டும் இருக்கிறது, வந்தால் வறுமை.
கவனமாகக் கடியுங்கள்.

கவனம் என்ற சொல்லுக்கு எங்களில் ஒருவரும் சிரிப்பதில்லை.
அன்ரனிற்றா எழும்பி டிடெக்டரை எடுத்தாள்.
காதில் மாட்டாமல், எல்லாருக்கும் கேட்க,
தகரப்பெட்டி வேண்டாமென்று
பலகையில் பாணைத் தூக்கி வைத்து
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
பயிற்சியில் சொன்ன வேகம்.
ஓரத்தில் ஒன்றுமில்லை.
நடுவில் ஒன்றுமில்லை.
தெற்கு மூலையில் அழுதது.

பதினொரு பேரும் மூச்சை நிறுத்தினோம்.
பழக்கம்.
டோனலும்தான்.

கத்தியை முப்பது பாகை சாய்த்து
பக்கத்திலிருந்து உள்ளே துருவினாள்.
தூள்தூளாக உதிர்த்து,
மோதிரத்தை எடுத்துத் துடைத்து
அவன் உள்ளங்கையிலேயே வைத்தாள்.
"உனக்குத்தான் தேவை."
அப்போது சிரித்தோம், காட்டுக்கே கேட்கும்படி.

வேலை முடிந்ததைக் கொப்பியில் எழுதி
கையெழுத்து வைத்த பிறகே போத்தலைத் திறந்தான்.
சுடுதண்ணிப் போத்தல் மூடிகளில் நாலு பேர் குடித்தோம்.
ஏழு பேர் மணந்து பார்த்தார்கள்.
முதல் வாய், இருமல் மருந்து.
பாணைக் கடித்துவிட்டு மற்ற வாய்.

ஒரே கொடியில் பழுத்தவைதானே இரண்டும்.
ஒன்று வெயிலில் சுருங்கிற்று.
ஒன்று எத்தனையோ வருஷம் இருட்டில் கிடந்தது.
என் வாய்க்குள் வந்து
ஒன்றையொன்று அடையாளம் காட்டிக்கொண்டன.

துணித்துண்டு எனக்குத்தான் வந்தது.
நீலம். அவனுடைய பழைய சேட்டாக இருக்கும்.
வறுமையைச் சொல்ல
அயர்லாந்திலிருந்து பாண் வரவேண்டுமோ என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஆனால் பல்லில் சிக்கிய நூலை
இழுத்து எடுக்கும்போது நினைத்தேன்:
டிடெக்டருக்கு இது கேட்கவேயில்லை.
நிலத்திலும் அப்படித்தான்.
ஊக்கு கேட்கும்.
பொத்தான் சிலவேளை கேட்கும்.
சட்டை கேட்காது.

மழை விடுவதாயில்லை.
மூடியை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றேன்,
தமிழில்.
ஊற்றினான்.