குளிரில் மட்டும்

லோடர் பாதி உயரத்தில் நின்றுவிட்டது,
வாளி நிறையப் பனியோடு,
சொல்ல வந்ததை மறந்தவர் வாய்போல.
நெம்புகோலை இன்னும் இழுத்தேன்.
பம்ப் ஊளையிட்டது. வாளி அசையவில்லை.
லூனன்பர்க், ஜனவரி, காலை ஏழு மணி,
மைனஸ் பதினாறு.

கார்னெட் ஸ்விக்கர் தன் வண்டியை விட்டு இறங்கவில்லை.
கண்ணாடியை நாலு விரல் இறக்கி
"பம்ப் போச்சு, வெர்னா" என்றார்,
மீதியைப் புகையாக விட்டார்.
அன்றே விலை கேட்டேன்.
டிராக்டரை நான் வாங்கிய விலையில்
பாதிக்குக் கொஞ்சம் கீழே.

எழுபத்தெட்டில் ஜப்பானில் பிறந்த வண்டி.
எவருடைய வயலிலோ சேறு மிதித்துவிட்டுக்
கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தது.
உடம்பெல்லாம் எச்சரிக்கைகள் ஒட்டியிருக்கின்றன,
ஒன்றையும் எனக்கு வாசிக்கத் தெரியாது.
முயலும் ஆமையும் வரைந்த கியர் கம்பி மட்டும்
எங்கள் இருவருக்கும் பொதுமொழி.

முதலில் ஆயில்.
அளவுகோலில் கோட்டுக்கு மேலேயே நின்றது.
பாலாய் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்தது என்று அர்த்தம்;
வெளுக்கவில்லை. தேன் நிறம்.
கொஞ்சம் நுரை.
அந்த நுரையை அப்போதே விசாரித்திருக்க வேண்டும்.
துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஹர்ட்டில் படகுத்துறையில் கேஜ் கடன் வாங்கினேன்.
மரை சேரவில்லை.
அவர்கள் ஊர் மரைக்கும் எங்கள் ஊர் மரைக்கும்
நூலளவு பிணக்கு.
சுண்டுவிரல் அளவு எஃகு இணைப்புக்காக ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் கைமண்வெட்டியால் பனி தள்ளினேன்,
என் முதுகுக்கும் அழுத்தம் குறைந்தது.

நூற்று நாற்பது காட்டவேண்டிய இடத்தில்
எண்பதைச் சுற்றி முள் நடுங்கியது.
நடுக்கம். இறக்கம் மட்டுமில்லை.
ரிலீஃப் வால்வைக் கழற்றினேன்.
ஸ்பிரிங் நேராக, குண்டு பளபளப்பாக.
குற்றம் சாட்டியதற்காக அதைத் துடைத்து
இருந்த இடத்திலேயே உட்கார வைத்தேன்.

சரி, பம்ப்தான் என்று போன் செய்தேன்.
விற்பவர் காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டுவிட்டுப் போனார்.
நாற்பது நிமிடம்.
கொட்டகையில் என்ஜினை அணைக்க மறந்திருந்தேன்.
போனைக் காதில் இடுக்கியபடி போய்
அணைக்கும் முன் சும்மா ஒருமுறை
நெம்புகோலை இழுத்தேன்.

நூற்று நாற்பது.
முள் நட்ட குச்சிபோல் நின்றது.

காதில் இசை ஓடிக்கொண்டிருந்தது, நான் வெட்டினேன்.

தேய்ந்த பம்ப் சூட்டில் தளரும்;
இளகிய ஆயில் இடுக்குகளில் நழுவிவிடும்.
இது தலைகீழாக இருக்கிறது.
குளிரில் மட்டும் சோர்வு,
கெட்டியான ஆயில் தொண்டையில் இறங்காத சோர்வு.
இத்தனை நாளும் அது தள்ளுகிற பக்கத்தையே
முறைத்துக்கொண்டிருந்தேன்.
உறிஞ்சுகிற பக்கத்தை யார் அடைத்தது?

ஆயிலைப் பழைய குளியல் தொட்டியில் வடித்தேன்.
சல்லடை வெளியே வந்தது,
அதன் கண்களில் எல்லாம்
சிவப்புப் புழுக்கள்.
மென்மையாக, ரப்பராக, நசுக்கினால் மீண்டும் நிமிர்ந்தன.

இந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்.
அக்டோபரில் மேல்மூடியைத் திறந்து மூடியபோது
டியூபைப் பிதுக்கிய கை என்னுடையது.
கசியக்கூடாதே என்று
இரண்டு சுற்று கூடவே பூசினேன்.
வெளியே பிதுங்கியதைக் கந்தலால் வழித்து
வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.
உள்ளே பிதுங்கியது மூன்று மாதம்
துண்டு துண்டாக உரிந்து
கீழே போய்க்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெயில் சல்லடையைக் கழுவினேன், மூன்று முறை.
நான்காவது முறை தேவையில்லை, ஆனாலும் கழுவினேன்.

மறுநாள் காலை மைனஸ் பத்தொன்பது.
வாளி கொட்டகைக் கூரை உயரத்துக்குப் போனது,
நடுவில் எங்கும் யோசிக்கவில்லை.

சாலையில் கார்னெட்டின் கண்ணாடி இறங்கியது.
"பம்ப் மாத்தினியா?"
"மாத்தினேன்."
நாலு விரல் இடைவெளியில்
அதற்கு மேல் உண்மை நுழையாது.

அவர் வாசல் பனியையும்
அன்று நானே தள்ளிவிட்டேன்.