பிழை எண் 4471

காலை ஒன்பதிலிருந்து உன்னை
நாற்பத்தொரு தரம் கொன்றுவிட்டேன், ஓர்சோ.
வாளால் பதினெட்டு.
மாடத்திலிருந்து தள்ளிவிட்டு ஒன்பது.
நீ பிறருக்குக் கலந்த கிண்ணத்தை
உன் பக்கம் திருப்பி வைத்து ஏழு.
மிச்சம் ஏழும் அட்டவணையில் உண்டு.
சம்பளம் மணிக்கு இருபத்திமூன்று டொலர்.

மொன்றியலில், ஒருகாலத்தில் கோட்டுத் தைத்த
செங்கல் கட்டடத்தின் ஐந்தாம் மாடி.
கீழே பனி வாரும் வண்டி
பின்வாங்கும்போதெல்லாம் கூவுகிறது.
திரையில் வெயில். ஜெனோவா துறைமுகம்,
கடல், புறா, தாரடித்த கயிறு,
வெல்வெட் சட்டைக்குள் நீ.
சுங்கக் கணக்கன். ஐம்பத்துமூன்று வயது.
இடது காதில் மட்டும் ஒரு முத்து.

மற்ற வில்லன்கள் கத்துவார்கள்.
நீ இருமக்கூட மாட்டாய்.
இரண்டு பிரபு வீடுகளை முட்டவைக்கக்
கத்தியைத் தொட்டாயா?
மிளகு மூட்டைக் கணக்கில்
ஒரு சுழியைக் கூட்டி எழுதினாய்.
அந்தச் சுழிக்குள்
முந்நூறு பேரும் ஒரு கப்பலும் போனார்கள்.
பிறகு இரண்டு செத்தவீட்டுக்கும் போய்
இரண்டு விதவைகளுக்கும் கைக்குட்டை கொடுத்தாய்,
ஒரே துணியில் வெட்டியது.
அதை எழுதினவனுக்கு ஒரு கும்பிடு.

உன் குரலுக்குச் சொந்தக்காரர் ஒருநாள் வந்திருந்தார்.
கம்பளித் தொப்பி, வாயில் தொண்டை மிட்டாய்.
மெட்ரோ எந்தப் பக்கம் என்று கேட்டார்.
நான் எத்தனை தரம் சாகிறேன் என்றும் கேட்டார்.
கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை
மைக்ரோவேவ் முன்னால் நீண்ட வரிசை.
புட்டைச் சூடாக்கி வரப் பதினொரு நிமிடம்.
கடைசி அறையில், வாள் உறையிலேயே இருக்க,
உன்னை அப்படியே விட்டுப் போயிருந்தேன்.
திரும்பி வந்தால்
நீ வசனம் பேசவில்லை.
மேசைமேல் குனிந்து
இரண்டு உள்ளங்கையாலும்
இல்லாத மாவைப் பிசைந்துகொண்டிருந்தாய்.
அழுத்தி, மடித்து, திருப்பி, அழுத்தி.
நெற்றி மயிரை முழங்கையால் ஒதுக்கினாய்.

சந்தைக் காட்சியில் ரொட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள்.
எங்கோ ஒரு எண் மாறி
அவளுடைய கை உனக்கு வந்துவிட்டது.
கணக்கனே, உன் கணக்கும் பிழைத்தது.

புட்டு ஆறும்வரை பார்த்தேன்.
பிறகு ஒழுங்காகப் பதிந்தேன்,
எண், நேரம், செய்முறை.
முக்கியத்துவம்: குறைவு.

மத்தியூ வந்து என் கதிரையின் முதுகைப் பிடித்தபடி
இன்னொரு தரம் காட்டு என்றான்.
அதற்குள் அறிக்கையில்
11 நிமிடம் என்றிருந்ததில்
ஒரு ஒன்றை அழித்திருந்தேன்.
இருவரும் ஒரு நிமிடம் காத்திருந்தோம்.
ஒன்றரையும் காத்திருந்தோம்.
வருகுதில்லை என்றேன், அவனைவிடக் கவலையாக.
அவனுக்கொரு தேநீர்கூடப் போட்டுக் கொடுத்தேன்.
'மீண்டும் நிகழவில்லை' என்று முடித்துவைத்தான்.

எண்பதாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகையில்
என் சதியை எண்ணிப் பார்த்தேன்.
ஆறு வருடத்தில் ஒன்று. உனக்குக் காட்சிக்கு நாலு.
இருட்டுக் கண்ணாடியில் முகம் தெரிந்தது.
தொப்பி கழற்றும்போது ஒரு தோடு
எங்கேயோ விழுந்திருக்கிறது.

நவம்பரில் நீ கடைக்குப் போகிறாய்.
எங்கோ ஒருவர், உன் தொண்டைவரை வந்தபின்,
பீட்சாக்காரனுக்குக் கதவு திறக்கவோ
வீரிட்ட பிள்ளையைத் தூக்கவோ எழும்பிப் போவார்.
கொஞ்சம் பிந்தினால் காண்பார்.
கண்டபிறகும் உன்னைக் கொல்லத்தான் வேண்டும்,
அடுத்த கதவு வேறெதற்கும் திறக்காது.

மணி நாலரை. வெளியே இருட்டிவிட்டது.
நாற்பத்திரண்டாவது தரம்
உன் மாடத்தடியில் நிற்கிறேன்.
மேலே வாருங்கள் என்கிறாய்,
தொண்டை மிட்டாய்க்காரரின் குரலில்,
மரியாதையாக.