ஆலிவ் நான்கு

மூன்று வாரமாய்
பீட்சாவைத்தான் தைத்துக்கொண்டிருந்தோம்.
சிவப்புப் பனியன். நெஞ்சில் ஒரு துண்டு பீட்சா.
உருகிய சீஸ் நூல்போல் வயிறுவரை இறங்கும்.
பதினெட்டாயிரம் உருப்படி, லியோன் நகரத்துக்கு.
குழல்விளக்கின் கீழ் என் மேசையில்
நான் எண்ண வேண்டியது ஆலிவ்.
நான்கு இருந்தால் பாஸ்.
மூன்றென்றால் கூடைக்குள் எறி.

திருப்பூரிலும் இதே வேலைதான்.
அங்கே எண்ணியது யானை, அதற்கு முன் நங்கூரம்.
எதுவும் பசியைக் கிளப்பியதில்லை.

"துளசி, இது எப்படியிருக்கும்?"
கேட்டது வோஹாங்கி,
மடகாஸ்கர்க்காரி, கழுத்துப்பட்டி தைப்பவள்.
அவிநாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக்கடை,
பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்.
பெட்டியைத் திறக்கிறவர் முகத்தில் ஆவி அடிக்கும்.
அவ்வளவுதான் என் பீட்சா ஞானம்.
டாக்காவிலிருந்து வந்த ஷெஃபாலிக்கு அதுவும் இல்லை.
சம்பளம் போட்ட சனிக்கிழமை
செய்துவிடுவதென்று முடிவாயிற்று.

கடைப்பலகையில் மார்தேமூட்டூ என்றிருக்கும்.
மருதமுத்து என்று வாய்க்குள் படித்துக்கொள்வேன்.
தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்துகிறவர்,
தமிழ் வணக்கம் வரைக்கும்.
எனக்குக் கிரியோல் காய்கறி வரைக்கும்.
லாஃபரின் என்றால் மாவு. பிமா, மிளகாய்.
பொம்தாமூர் என்றால் தக்காளி,
பிரித்துப் பார்த்தால் காதல் ஆப்பிளாம்.
ஷெஃபாலி சிரித்த சிரிப்பில்
ஒரு கிலோ இரண்டு கிலோவானது.
ஆலிவ் பாட்டிலின் விலையைப் பார்த்தேன்,
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜூலை. க்யூர்பிப்பில் மழை பெய்வதில்லை,
தொங்குகிறது.
துவைத்தது நான்கு நாளாய் ஈரம்.
இரவு பிசைந்த மாவு
காலையில் கல்லுக்குண்டாய் உட்கார்ந்திருந்தது.
தூக்குச்சட்டியில் போட்டு
அரைநாள் ஷிப்டுக்கு எடுத்துப் போனேன்.
ஸ்டீம் அயர்ன் மேசைக்கடியில் வைத்தேன்.
பத்தரைக்கு மூடி ஒரு பக்கம் தூக்கியது.
பதினொன்றுக்குத் தரையில் விழுந்தது, கோயில் மணிச் சத்தத்தோடு.
சூப்பர்வைசர் குனிந்தார். "கி எதே சா?"
"சாம்பிள்" என்றேன்.
மூச்சுவிட்டுக்கொண்டிருந்த சாம்பிளை
விரலால் அமுக்கிப் பார்த்தார்.
பள்ளம் மெதுவாய் மேலே வந்தது.
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

விடுதியில் அவன் இல்லை.
ரொட்டி சுடும் அவனைச் சொல்கிறேன்.
மற்ற அவன்களையும் வார்டன் உள்ளே விடுவதில்லை.
பிரியாணிக் குண்டானில் ஒரு கிலோ உப்பு,
அதில் கவிழ்த்த கிண்ணம், கிண்ணத்தின்மேல் தட்டு.
மூடிக்குப் பாரமாய்த் தண்ணீர் நிரப்பிய கெட்டில்.
முக்கோணச் சீஸ் பதினாறு,
வெள்ளித்தாள் உரிக்க மூன்று பேர்.
அரைத்த பூண்டை எண்ணெயில் குழைத்து விளிம்பெல்லாம் தடவினேன்.
"ஆலிவுக்கு என்ன செய்ய?"
வோஹாங்கி பையைத் துழாவி
நான்கு கறுப்புப் பட்டன் எடுத்து நீட்டினாள்.
அந்தச் சிரிப்பில்தான் அடி கருகியது.

தட்டை விளக்குக்குக் கீழே கொண்டுபோனேன். பழக்கம்.
விளிம்பு கோணல்.
நடுவில் மேடு.
நிறம் ஒருசீராய் இல்லை.
"ரிஜெக்ட்."
"உன்னைத்தான்" என்றாள் ஷெஃபாலி,
நூல் வெட்டும் கத்தரியை அதற்குள் ஓட்டியபடி.

சீஸ் நீளவில்லை.
பனியனில் மட்டும் எப்படி நீள்கிறதோ.
ஆனால் தக்காளி சுட்டது, மிளகாய் உறைத்தது,
மெல்ல மெல்ல மாவு இனித்தது.
கருகிய துண்டை வோஹாங்கி கேட்டு வாங்கினாள்.
அவள் ஊரில் காந்தலில் தண்ணீர் ஊற்றிக்
கொதிக்கவைத்துக் குடிப்பார்களாம்,
சாப்பாட்டுக்கு அதுதான் துணையாம்.
மிச்சம் இரண்டு துண்டு.
திங்கட்கிழமை டீ இடைவேளைக்கென்று ஒளித்துவைத்தோம்.

திங்கட்கிழமை, டீக்குப் பிறகு
ஏழாவதாய் எடுத்த பனியனில்
ஆலிவ் நான்கு. தையல் சுத்தம்.
கழுத்தோரம் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்.
முகர்ந்தேன். பூண்டு.
திரும்பிப் பார்த்தால்
வோஹாங்கி தலை நிமிராமல்
மிதித்துக்கொண்டிருக்கிறாள்.
கூடைக்குள் எறிந்தால் அவள் கூலியில் பிடிப்பார்கள்.

மடித்தேன்.
கறை உள்ளே போகும்படி இன்னொரு முறை மடித்தேன்.
பாஸ்.

லியோனில் எவரோ பெட்டியைத் திறக்கும்போது
லேசாய் வாடை வரும்.
படத்திலிருந்துதான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.