பாஸ்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கடைசி மேசை என்னுடையது.
தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா,
நாக்கு கோணியிருக்கிறதா, பார்ப்பேன்.
சரியாயிருந்தால் பச்சை ஸ்டிக்கர்: பாஸ்.
ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு ஜோடி.
பத்தாவதில் கணக்கில் போன பொம்பளை
தினம் அறுநூறு வாட்டி பாஸாகிறாள் என்று
கோதண்டன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வயிற்றைத் திறந்த அன்று
வேலூர் ஆஸ்பத்திரியில்
என் கழுத்தில் ஒரு பாஸ் மாட்டினார்கள்.
ஒரு கட்டிலுக்கு ஒன்றுதான்.
கொழுந்தன் சோற்றுத் தூக்கோடு
வெளியே பைக்குகளுக்கு நடுவில் நின்றான்.
கேட்டில் இருந்த பையன் யாரையும் விடவில்லை,
யாரையும் மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை:
"பாஸ் இருக்கா பாஸ்?"

"யூரின் பாஸ் செய்தோ?"
ஷைனி சிஸ்டர் விடிந்ததும் கேட்டாள்.
அது புரிந்தது.
மறுநாள், "கேஸ் பாஸ் ஆயோ?"
சிலிண்டர் புக் பண்ணியதை
இவள் எதற்கு விசாரிக்கிறாள் என்று
"இன்னும் வரல சிஸ்டர், திங்கக்கிழமைதான் வண்டி" என்றேன்.
வார்டே சிரித்தது.
தையலைப் பிடித்துக்கொண்டு கோதண்டனும்.
காத்து பிரியணும். பிரிந்தால்தான்
குடல் விழித்துக்கொண்டதென்று அர்த்தம்.
அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

அடுத்த கட்டிலில் ஒரு வங்காளப் பெரியவர்.
மகன் பெயர் தபன்.
இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள்.
அவனுக்குத் தமிழ் இல்லை, எனக்கு இந்தி இல்லை.
கடுகெண்ணெய் பிசைந்த பொரியை நீட்டுவான்,
நான் எலுமிச்சஞ்சோறு நீட்டுவேன்.
காந்தி ரோட்டில் அவன் பாஷையில் போர்டு வைத்த கடைகளை
என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை, குழாயடியில்,
"ஃபாதர் பாஸ்ட்" என்றான்.
"லாஸ்ட் நைட்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.
பெரியவருக்கும் நான்கு நாளாக அதே கேள்விதானே.
"குட்! வெரி குட்!" என்றேன்.
ஸ்டிக்கர் ஒட்டுகிற கட்டைவிரலை
அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

தபன் என்னைப் பார்த்தான்.
"யெஸ்" என்றான்.
நிரப்பிய பாட்டிலை மூடினான்,
திறந்தான்,
தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான்.

உள்ளே வந்தால் கட்டிலில் மெத்தை சுருட்டியிருந்தது.
பொரி டப்பா மட்டும் ஜன்னலில்.

டப்பாவோடு ஓடினேன், சரிவுப் பாதை இறங்கி,
மருந்து வரிசையை இடித்துக்கொண்டு.
கேட்டில் அந்தப் பையன்,
"வெளிய போனா பாஸ் மறக்காத எடுத்துக்கினு வாக்கா."
வண்டி காட்பாடிப் பக்கம் போனதாம்,
இல்லை, சென்னைப் பக்கம் என்றான் இளநீர்க்காரன்.
பிடித்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?
அவனிடம் செல்லுகிற சொல்
என்னிடம் குட் ஒன்றுதான் இருந்தது.

அன்று மத்தியானம் கோதண்டனுக்குக் காத்து பிரிந்தது.
சத்தமாக.
பழையபடி வார்டு சிரித்தது,
சிஸ்டர் ஓடிவந்து கைகொடுத்தாள்.
நானும் சிரித்தேன், அழுதேன்,
எது முதலில் என்று நினைவில்லை.
இங்கிலீஷைத் திட்டி என்ன?
நம் பாஷையிலும் காத்து பிரிகிறது,
உயிரும் பிரிகிறது.
பள்ளிகொண்டா தாண்டிப் பாதையும் பிரிகிறது.

டிஸ்சார்ஜ் அன்று கழுத்துப் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.
பொரி டப்பாவை யாரும் கேட்கவில்லை.
வீட்டில் உப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் ஜோடி,
கருப்பு, நாற்பத்திரண்டாம் நம்பர்.
குற்றம் ஒன்றுமில்லை.
ஸ்டிக்கர் விரலிலேயே இருந்தது.
பெல்ட்டில் பின்னால் ஜோடிகள் முட்டிக்கொண்டு நின்றன.
"இன்னா பூஷணம், டேமேஜா?"
என்றார் இம்தியாஸ் பாய்.
"இல்ல பாய், நல்லாத்தான் கீது."