சோதனை, இரண்டு மணித்தியாலம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்,
சலூனுக்கு மேலே என் கடை.
பத்தடிக்கு எட்டடி.
ரயில் போகையில்
மேசையிலுள்ள திருகாணிகள்
தாமாக இடம் மாறிக்கொள்ளும்.

ஆறு மணிக்குப் பிறகு வருவார்கள்.
வாங்க அல்ல, கதைக்க.

“முப்பது ஃபிரேமில விளையாடுறது
ஈரச் சட்டையோட கலியாண வீட்டுக்குப் போற மாதிரி.”
இது கிளரன்ஸ்.
“மனிசக் கண்ணுக்கு அதுக்கு மேல விளங்காது மச்சான்.”
இது இல்ஹாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.
ஆகவே கண்ணைப்பற்றி அவன் எது சொன்னாலும்
எல்லோரும் ஒரு கணம் தயங்குவார்கள்.

டெராஃபுளொப் என்றால் என்னவென்று
எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.
பன்னிரண்டு, பத்தைவிடப் பெரியது.
அது போதும்
ரோல்ஸ் ஆறிப்போகும்வரை சண்டை பிடிக்க.

நான் கேட்டபடி திருகாணி கழற்றுவேன்.
ஒருநாள் அடுத்தடுத்து இரண்டையும் திறந்தேன்,
பரம வைரிகள், கறுப்பொன்று வெள்ளையொன்று.
இரண்டின் வயிற்றிலும்
ஒரே கொம்பனியின் சிலிக்கன்,
ஒரே கடலின் உப்பு,
ஒரே கரப்பான் குடும்பம்
(தனிக்குடித்தனம் போன மகனாக இருக்கலாம்).
சொன்னேன்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
தண்ணீரில் வெளிச்சம் முறிகிற விதம் பற்றி
அவர்கள் அப்போது
கொலைவெறியோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரையும் மடக்குகிறவன் துவாரகன்.
எந்தப் பெட்டி எத்தனை வாட் குடிக்கும்,
எந்த ஸ்டூடியோவை எவன் விழுங்கினான்,
விழுங்கிய கையோடு எத்தனை பேரை
வீட்டுக்கு அனுப்பினான்,
விரல் நுனியில் வைத்திருப்பான்.
டிஸ்க் போட வாயில்லாத பெட்டி வருகிறதாம் என்றபோது
அவன்தான் கேட்டான்:
“டிஸ்க் எண்டா இல்ஹாம் முடிச்சிட்டு எனக்குத் தருவான்.
டவுன்லோட் எண்டா
ஆர் மச்சான் ஆருக்குத் தாறது?”
அன்றைக்கு மட்டும் எதிர்வாதம் வரவில்லை.
டொலர் ஒரு மதில், சுங்கம் ஒரு மதில்,
மதிலுக்கு மேலே பதித்த போத்தல் ஓடாய்
பம்பலப்பிட்டிக் கடைக்காரனின் சிரிப்பு.

ஒக்டோபரில் ஒரு மழை.
மற்றவர்கள் வரவில்லை.
கிளரன்ஸின் பெட்டியைத் திருத்தி முடித்து
டிவியில் பூட்டியிருந்தேன்.
“ஒருக்காப் பாரன், சூடேறுதா எண்டு.”
கொன்ட்ரோலரை நீட்டினேன்.

வாங்கினான்,
பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல
இரண்டு உள்ளங்கையாலும்.
பெருவிரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் நின்றன.
திரையில் அவனுடைய வீரன்
சுவரோடு முட்டிக்கொண்டு நடந்தான்.
வானத்தைப் பார்த்தான்.
தன் சப்பாத்தைப் பார்த்தான்.
மறுபடி சுவர்.

ஏழு டிஸ்க் இரவல் வாங்கிப்போய்
“முடிச்சிட்டன்” என்று திருப்பிக் கொடுத்தவன்.
அவை ஒரு கீறலும் இல்லாமல் வந்ததை
நான் எப்போதோ கவனித்திருந்தேன்.
கவனமான பெடியன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்.
மழை தகரத்தில்
எண்ண முடியாத ஃபிரேமில் விழுந்தது.
கொஞ்ச நேரத்தில் வீரன் கதவைக் கண்டுபிடித்தான்.
பிறகு ஒரு பாலம். பிறகு விழுந்து செத்தான்.
துவாரகன் சிரித்தான்.
வாதத்தில் வென்றபோதெல்லாம் கேட்டிராத சிரிப்பு,
இடையில் ஒரு விக்கலோடு.

“சூடேறேல்ல” என்றான் போகும்போது.

கிளரன்ஸின் பில்லில்
‘சோதனை, இரண்டு மணித்தியாலம்’ என்று எழுதி
தொகைக் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

அடுத்த மாலை அதே சண்டை.
இல்ஹாம் கண்ணை இழுத்தான்,
கிளரன்ஸ் ஈரச் சட்டையை.
“அறுபதுதான்” என்றான் துவாரகன்.
“எப்பிடிச் சொல்லுறாய்?”
அவன் பெருவிரல்
மேசை விளிம்பில் இலேசாக அசைந்தது.

நான் குனிந்து
ஒரு மின்விசிறியிலிருந்து உப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.