பாலம் தூக்கியிருக்கும் நேரம்

மணி அடிக்கிறேன். தடுப்புக்கட்டை இறங்குகிறது.
ஸான் நதியின் இரு கரையிலும்
கேட்காமல் கிடைத்த ஆறு நிமிடம்.

ரொட்டி வண்டி வாவுட்டர்
பக்கக் கண்ணாடியில் குனிந்து காலரைச் சரிசெய்கிறான்.
சைக்கிளில் ஒற்றைக் காலூன்றி
ஆரஞ்சு உரிக்கிறாள் ஒருத்தி.
தோலை எங்கே போடுவதென்று பார்த்து
கோட்டுப் பைக்குள்ளேயே போட்டுக்கொள்கிறாள்.
ஹார்ன் அடிப்பவனும் உண்டு. நதி செவிடு.

சரளைக்கல் ஏற்றிய சரக்குப் படகு
மெல்ல, மிக மெல்ல.
மேல்தளத்தில் சாக்ஸ் காயப்போடுகிறவள்
முதலாவதைத் தொங்கவிட்டது என் ஜன்னலுக்கு நேரே;
ஜோடியைத் தேடி எடுப்பதற்குள்
பாலம் கடந்துவிட்டது.
அவள் நிமிரவேயில்லை.

பொத்தான் மேல் விரல் வைத்துவிட்டேன்.
சைக்கிள்காரிக்கு
இன்னும் இரண்டு சுளை பாக்கி.

பதிவேட்டில்
ஏழு என்று எழுதினேன்.