கண்ணளவு

சர்க்கரை என்று தாளில் எழுதி
நக்கினால் இனிக்குமா என்பார்கள்.
எழுதித்தான் தந்தார் டாக்டர் அம்ரா.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பொஸ்னா ஆற்றுப் பாலத்தில் நின்றேன்
இரண்டு பேருந்து போகும்வரை.

இருபத்தொன்பது வருடம்
ஜெனிட்சா உருக்காலையில்
கண்ணாலேயே சூடு பார்த்தவன் நான்.
நீலக் கண்ணாடி வழியே ஒரு பார்வை:
ஆரஞ்சு, எலுமிச்சை, அப்புறம்
பெயரில்லாத அந்த வெள்ளை.
"ரஸீம், இறக்கலாமா?"
"இன்னும் நாலு நிமிஷம்."
கருவி பிறகு வந்து
நான் சொன்னதையே சொல்லும்.

இப்போது அறுபத்தெட்டு.
எனக்குள் ஓர் உலை
எத்தனை காலமாய் எரிந்ததென்று
எனக்கே தெரியவில்லை.
ராத்திரி நாலு தடவை எழுந்ததை
வயசு என்றேன்.
தாகம் அடங்காததை
மதியம் தின்ற உப்புக்கண்டம் என்றேன்.
கால்விரல் மரத்ததற்கு
பழைய பூட்ஸைத் திட்டினேன்.
அது பாவம்.

ஜெவாதா ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்டூல் போட்டு ஏறி
சர்க்கரைக்கட்டி டப்பாவை
அலமாரியின் மேல்தட்டில்
விருந்தாளிக் கோப்பைகளுக்குப் பின்னால் வைத்தாள்.
எனக்கு அது ஸ்டூல் இல்லாமலே எட்டும்.
இருவருக்கும் தெரியும்.

காபியை நாங்கள் குடிப்பது இப்படி:
கட்டியின் ஒரு முனையை நனைத்து
கடித்து நாக்கடியில் ஒதுக்கி
அதன்மேல் கசப்பை ஊற்றுவது.
போர்க்காலத்துக் குளிரில்
பருப்பை வறுத்துக் காபி என்று கொதிக்கவைத்தோம்.
ஒற்றைக் கட்டி.
தொட்டுத் தொட்டு ஐந்து நாள் வைத்திருந்தோம்.
ஆறாம் நாள் அவள் அதை
என் வாயில் திணித்துவிட்டு
எனக்கு இனிப்பே பிடிக்காது என்றாள்.

இதை டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் அப்போது பிறந்திருக்கவில்லை.
"வெள்ளை ரொட்டி எவ்வளவு சாப்பிடுவீர்கள்?"
"ரொட்டி இருக்கிற அளவு" என்றேன்.
அதையும் குறித்துக்கொண்டார்.

உருகிய எஃகு தெறித்துத்
தழும்பேறிய இந்தக் கை
கொசுக்கடி அளவு ஊசிக்கு நடுங்கியது.
காய்த்துப்போன தோல்.
மூன்று தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை.
ஜெவாதா சுண்டுவிரலைப் பிடித்து
ஓரத்தில் குத்தினாள்.
மெல்ல எழுந்த சொட்டை
பழைய பழக்கத்தில் உற்றுப் பார்த்து
"ஒன்பது" என்றேன்.
பதினாலு புள்ளி ஆறு என்றது கருவி.
அந்த வாரத்தில் முதல் தடவையாக
அவள் சிரித்தாள்.
கோபித்துக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை.

வியாழக்கிழமை காபிக்கடையில்
நான் கட்டியைத் தொடாததைப் பார்த்த அன்டோ
கோட்டுப்பையிலிருந்து
என்னுடையதைப் போலவே ஒரு கருவியை எடுத்து
மேஜைமேல் வைத்தான்.
பன்னிரண்டு வருடமாம்.
வாராவாரம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
அவன் காபி மட்டும் கறுப்பாகவே ஆறுவதை
ருசி என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து பந்தயம்:
யார் எண் பெரிதோ அவன் காசு கொடுக்கவேண்டும்.
மூன்று வாரம் நான்தான் கொடுத்தேன்.
நாலாம் வாரம் அன்டோ தோற்றான்,
திருட்டுத்தனமாய்த் தின்ற பிளம்ஸ் பழங்களால்.

மிர்சாதுக்கு எங்கள்மேல் பொறாமை.
"உங்கள் இழவு விளையாட்டில் என்னையும் சேருங்கள்"
என்று விரலை நீட்டினான்.
நான் சொட்டைப் பார்த்தேன்.
இந்தத் தடவை கண் ஏதோ சொல்லிற்று.
நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு புள்ளி மூன்று.

"கருவி கெட்டுப்போச்சு" என்றான் மிர்சாத்.
யாரும் மறுக்கவில்லை.
அன்டோ சர்க்கரைக் கிண்ணத்தை
முழங்கையால் மெதுவாக
என் பக்கம் தள்ளினான்,
நான் அதைப் பக்கத்து மேஜைக்கு.
காசு யார் கொடுத்தது என்று
இப்போது நினைவில்லை.

வழியில் மிர்சாத் பாலத்தில் நின்றான்.
ஆறு உருக்காலைப் பக்கமிருந்து
தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.
டாக்டர் பெயர் கேட்டான்.
சொன்னேன்.
சின்னப் பெண், அதட்டமாட்டார்,
ரொட்டியைப் பற்றி மட்டும் பொய் சொல்லாதே என்றேன்.
பேருந்து ஒன்று வந்து
கதவைத் திறந்து காத்திருந்தது.
ஓட்டுநருக்குக் கையசைத்தேன்,
போகச் சொல்லி.